அளவுகோலை நம் பக்கம் திருப்பச் சொல்

காப்பார், சிலாங்கூர், மலேசியா

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சம்பளம், வேலைச்சூழல், மேலதிகாரிகள் பற்றி உன் கம்பெனி ஆண்டுதோறும் ஊழியர்களின் கருத்தைக் கேட்கிறது. பெயர் வெளியே வராது என்று சொன்னாலும், ஏழு பேர் மட்டுமே உள்ள குழுவில் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும் என்ற பயத்தில் எல்லாரும் "திருப்தி" என்று போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படியே போட்டுவிடட்டுமா என்று கேட்டாய்.

வேண்டாம் அம்மா.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்த நாள்களில், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, வெயில் ஏறிய பிறகு தோளில் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருவோம். நிறுப்பது எங்கள் கண்முன்னே நடக்கும். ஆனால் கூலிக் கணக்கு வெறும் எடையோடு முடிவதில்லை. அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்பதையும் பார்ப்பார்கள். மரத்திலிருந்து வடியும் பாலில் பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 35 பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ரப்பர் அளவைக் காட்டும் மெட்ரோலாக் என்ற கோடு போட்ட குழாயைப் பாலில் மிதக்கவிட்டு, கோட்டைப் பார்த்து, புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அந்தக் கோடு எங்கே நின்றது என்று நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு நாள் அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில், ஒரே வயது மரங்களை வெட்டி வந்தோம். அம்மா பாலுக்கு 33, என் பாலுக்கு 28 என்று எழுதினார். பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் உள்ளங்கையால் குழாயை மறைத்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இரண்டு ஆண்டு கழித்து வேறொரு கிராணி வந்தார். முதல் நாளே குழாயை எங்கள் பக்கம் திருப்பி, "நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்றார். கூலி ஒரு காசுகூட ஏறவில்லை. ஆனாலும் ஸ்டோர் வாசலில் தினமும் நடந்த சண்டை அந்த மாதத்தோடு நின்றது.

உன் விஷயத்திலும் நான் பார்ப்பது இதைத்தான். நேற்றுச் சேர்ந்தவருக்கு உன்னைவிட அதிகச் சம்பளம் என்பது வலிக்கத்தான் செய்யும்; எனக்கே வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிய குறை, ஆண்டு மதிப்பீட்டில் உனக்கு "நடுத்தரம்" என்று போட்ட மேனேஜர், எந்த வேலையை எப்படி அளந்து அந்த முடிவுக்கு வந்தார் என்று சொல்லாததுதான். "சம்பளம் போதவில்லை" என்று மட்டும் எழுதினால், சந்தை நிலவரம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சம்பள வரம்பு என்ன, மதிப்பீடு எதைக்கொண்டு நடக்கிறது என்று காட்டும்படி எழுது. அதைத் தட்டிக்கழிப்பது அத்தனை சுலபமில்லை.

வேறு கம்பெனிக்குப் போவதாக இருந்தாலும், கையில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதே. ஓய்வுகாலத்துக்கான சேமநிதிக்கு (இ.பி.எஃப்) உன் பங்கு சம்பளத்தில் 11 விழுக்காடு. முதலாளி பங்கு சம்பளம் 5,000 ரிங்கிட் வரை 13, அதற்கு மேல் 12. அடிப்படைச் சம்பளத்துக்கும் போனசுக்கும் சேமநிதி உண்டு, பயணப்படிக்குக் கிடையாது. கம்பெனியின் பங்குகளை (ஷேர்) தருகிறோம் என்றால், அது முழுவதும் கைக்கு வர எத்தனை ஆண்டு என்று கேள். பல கம்பெனிகளில் நான்கு ஆண்டு.

இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வருகிறது என்றாய். அலுவலக வேலையில் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்குச் சட்டப்படி மிகைநேரச் சம்பளம் கிடைக்காது. ஆனால் 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். உன் குழுவில் ஒருவராவது அப்படி விண்ணப்பித்திருக்கிறாரா?

வேலைச்சூழல் என்பது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது உன் தாத்தாவுக்கு இருபது வயது. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி கேட்ட அதே மனுவில், தொரைக்கும், அதாவது தோட்டத்து வெள்ளைக்கார நிர்வாகிக்கும், கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதையும் அவர்கள் எழுதியிருந்தார்கள். பட்டாளத்தைக் கொண்டுவந்து அடக்கினார்கள், உயிர்களும் போயின. அரை வயிற்றுக்குக் கூலி வாங்கியவர்கள் சைக்கிளையும் கோரிக்கையில் சேர்த்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். எல்லார் முன்னிலையிலும் உன் குழுத் தலைவர் அந்தப் புதுப் பையனை "மூளை இருக்கிறதா" என்று கேட்டார் என்றாயே, அதையும் தேதியோடு எழுது.

தனியாக மட்டும் எழுதாதே. ஏழு பேரில் மூவராவது கூடிப் பேசி, ஒரே குறையை அவரவர் சொற்களில் எழுதுங்கள். அப்போது யார் எழுதியது என்ற தேடலுக்கு இடமிருக்காது.

கடைசி நாள் இம்மாதம் முப்பது என்றாய். அனுப்புமுன் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு. வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா