மூன்றாவது முடிந்து நான்காவதுக்கு

கோவில்பட்டி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே வெயில் இப்போதே கொளுத்துகிறது. மாடியில் வற்றல் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

பாப்பா ஜூனில் நான்காம் வகுப்புக்குப் போகிறாளே, என்ன எதிர்பார்ப்பது என்று கேட்டிருந்தாய். என் மகன் தம்பி இந்த மாதம்தான் நான்காவதை முடிக்கிறான். வருடம் முழுக்க அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததால் சொல்கிறேன்: மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்று போல நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்துத்தான் முதல் பருவத்தைக் கோட்டைவிட்டேன்.

தம்பிக்குப் பத்து வரை வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வாக்கியமாக வரும் கணக்கைக் கண்டால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். "அம்மா, இது கூட்டலா, பெருக்கலா?" என்று கேட்பான். ஒரு நாள் வீட்டுப்பாடத்தில், ஒரு தோப்பில் 144 தென்னங்கன்றுகளை 12 வரிசைகளாகச் சமமாக நட்டார்கள், ஒரு வரிசையில் எத்தனை என்று ஒரு கணக்கு. இரண்டையும் பெருக்கி 1,728 என்று எழுதி வைத்திருந்தான். பெருக்கியதில் ஒரு பிழை கிடையாது. கோபம் வந்தது, அடக்கிக்கொண்டு, "சத்தமாகப் படி" என்றேன். படித்தான். எழுத்து தப்பவில்லை, ஆனால் எங்கேயும் நிறுத்தாமல் ஒரே மூச்சாக ஓட்டினான். "வரிசை என்றால் என்ன? தாளில் புள்ளி வைத்துக் காட்டு" என்றேன். முதல் வரிசையில் சில புள்ளிகள், அதன் கீழே இரண்டாவது வரிசை, மூன்றாவதைத் தொடங்கியவன் பென்சிலை நிறுத்தினான். "அம்மா, வகுக்கணுமா?" என்று கேட்டபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை, கணக்கைப் படித்து அர்த்தம் பிடிக்க வரவில்லை. மூன்றாவது வரை பிள்ளைகள் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நான்காவதில் வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்க வேண்டியிருக்கிறது. அறிவியலும் சமூக அறிவியலும் பத்தி பத்தியாக வருகின்றன. அதனால் பாப்பாவுக்கு இந்த விடுமுறையில் நீ ஒன்றே ஒன்று செய்வதானால், தினமும் கால் மணி நேரம் அவளுக்குப் பிடித்த கதையைச் சத்தமாகப் படிக்கச் சொல். படித்து முடித்ததும் கேள்வி கேட்டுக் குடையாதே. "அப்புறம் அந்த நரி என்ன செய்தது?" என்று கதை கேட்பது போலக் கேள்.

வகுத்தல் கொஞ்சம் படுத்தும். குறிப்பாக விடையின் நடுவில் பூஜ்யம் வரும் கணக்குகள். 612ஐ ஆறால் வகுக்கச் சொன்னால் தம்பி 12 என்று எழுதுவான். "612 ரூபாயை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு வெறும் 12 ரூபாய்தானா?" என்று கேட்டேன். தானாகவே அழித்துவிட்டு 102 என்று போட்டான். பின்னமும் அப்படித்தான். நான்கு பெரியது, இரண்டு சிறியது, அதனால் 1/4 தான் 1/2ஐவிடப் பெரியது என்று சாதித்தான். "கால் கிலோ கடலை மிட்டாய் வேண்டுமா, அரைக் கிலோ வேண்டுமா?" என்றதும் அரைக் கிலோவுக்குத் தாவினான். நம் பேச்சிலேயே காலும் அரையும் முக்காலும் இருக்கின்றன. அவற்றைத் தாளில் இருக்கும் எண்ணோடு ஒட்டவைத்தால் பாதி வேலை முடிந்தது. மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று வரும்போது மட்டும் ஒரு மிட்டாய்ப் பாளத்தை எடுத்து வெட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

சமூக அறிவியலில் ஐவகை நிலங்கள் பாடம் வந்தபோது, "அம்மா, நம் கரிசல் இதில் எது?" என்று கேட்டான். குறிஞ்சியா, முல்லையா, மருதமா என்று நானும் திணறினேன். தெரியாது, ஆசிரியையிடம் கேள் என்று அனுப்பினேன். மறுநாள் அந்த அம்மா வகுப்பு முழுவதையும் அதைப் பற்றிப் பேசவைத்தாராம். ஒரு கேள்வி வகுப்பில் மதிக்கப்பட்டதும் அவன் நடையே மாறிவிட்டது.

மதிப்பெண்ணைப் பற்றி நீ கவலைப்பட்டிருக்கிறாய். ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவம் முழுக்க வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவ முடிவுத் தேர்வுக்கு 60. எட்டாவது வரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை, அது நல்லதும்தான். ஆனால் இதே காரணத்தால் பிள்ளை பின்தங்குவது நமக்குத் தெரியாமல் போகும். ஆறாவதில் போய் முழிப்பதைவிட இப்போதே நோட்டைப் புரட்டிப் பார்ப்பது மேல். டியூஷனுக்கு அவசரப்படாதே. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மாலை விளையாட்டைப் பறிப்பது எனக்குச் சம்மதமே இல்லை.

அடுத்து, கண். இரண்டாம் பருவத்தில் தம்பி கரும்பலகையில் இருக்கும் 38ஐ 33 என்று எழுதி வந்தான். கவனக்குறைவு என்று திட்டினேன். ஒரு மாதம் திட்டியிருப்பேன், மீனா. பிறகு பஸ் ஸ்டாண்டில் எதிரே நின்ற பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது. பாப்பாவுக்குப் பள்ளி திறப்பதற்கு முன்பே ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடு.

நட்பு விஷயமும் இந்த வயதில் பெரிதாகிவிடும். முன்பெல்லாம் காலையில் காய் விட்டால் மாலைக்குள் பழம் விட்டுக்கொள்வார்கள். இப்போது வாரக் கணக்கில் நீள்கிறது. "என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை" என்று தம்பி ஒரு நாள் சாப்பிடாமல் படுத்தான். "வேறு பையனோடு விளையாடு" என்று நான் சொன்ன சமாதானம் அவன் காதில் ஏறவே இல்லை. பக்கத்தில் சும்மா படுத்திருந்தேன், அதன் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னான்.

உனக்குப் பெண் குழந்தை, அதனால் இதையும் எழுதுகிறேன். சில பிள்ளைகள் நான்காவது, ஐந்தாவதிலேயே பெரியவளாகிவிடுகிறார்கள். நம் காலத்தில் நமக்கு யாரும் எதையும் சொல்லவில்லை, நீ பள்ளிக் கழிப்பறையில் அழுதுகொண்டு நின்றது எனக்கு மறக்கவில்லை. பாப்பாவுக்கு நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. அவள் பையில் ஒரு பழைய பென்சில் டப்பாவில் நாப்கின் ஒன்று இருக்கட்டும்.

மே இரண்டாம் வாரம் வருவதாக எழுதியிருக்கிறாய். பாப்பாவின் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டையும் எடுத்து வா, இருவரும் உட்கார்ந்து பார்க்கலாம். தம்பி தன் கதைப் புத்தகங்களில் ஏழெட்டை அவளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறான். அட்டை கிழிந்தவற்றுக்கு நேற்றுத்தான் பசை போட்டு ஒட்டினான். அம்மாவை வெயிலில் அலையவிடாதே, காலை வண்டிக்கே கிளம்புங்கள்.

அன்புடன்,
கல்யாணி