ஐரோப்பாவுக்குக் குழுக்களை அனுப்பும் பயண நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சென்னை, கோவை, மதுரை, திருச்சியிலிருந்து நீங்கள் அனுப்பும் குழுக்களை ஐரோப்பாவில் பேருந்தில் கூட்டிச் செல்லும் டூர் மேனேஜர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே பயணிகளைக் கூட்டி, அங்கே பேருந்து எந்த விதிப்படி ஓடுகிறது, அதனால் அவர்கள் எப்படித் தயாராக வேண்டும் என்பதை விளக்குங்கள். கடைசி வாரத்தில் நடக்கும் கூட்டத்தில் ஈபிள் கோபுரப் படமும் சாப்பாட்டுப் பட்டியலும் காட்டிவிட்டு அனுப்பினால், மீதி எல்லாம் பயணிகள் தலையில்தான் விழுகிறது.

முதலில் ஓட்டுநரின் நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 எண் விதிப்படி ஒரு ஓட்டுநர் நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. வேலை தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கட்டாயம். இதை 9 மணியாகக் குறைக்கலாம், ஆனால் ஒரு வாராந்திர ஓய்வுக்கும் அடுத்த வாராந்திர ஓய்வுக்கும் நடுவே மூன்று முறைதான். எல்லாவற்றையும் வண்டியில் உள்ள டாகோகிராஃப் கருவி பதிவு செய்கிறது. வழியில் அதிகாரி நிறுத்தினால் அன்றைய பதிவோடு முந்தைய 56 நாள் பதிவையும் கேட்கலாம். "கொஞ்சம் சீக்கிரம் ஓட்டச் சொல்லுங்க சார்" என்று பயணிகள் எங்களிடம் கேட்பது இந்த விதி அவர்களுக்குத் தெரியாததால்தான்.

பாரிஸ் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு ஓட்டுநர் வேலையைத் தொடங்குகிறார். 11 மணி நேர ஓய்வு வேண்டுமென்றால் இரவு 9 மணிக்குள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். உங்கள் திட்டத்திலோ இரவுச் சாப்பாடு, சேன் நதிப் படகு, விளக்கு உலா எல்லாம் முடிந்து புறநகர் ஓட்டலுக்குத் திரும்பவே 11 ஆகிறது. குறைத்த ஓய்வு ஒன்று அங்கே செலவாகிறது, மறுநாள் காலை 8 மணிக்கு முன் வண்டியை எடுக்க முடியாது. அந்த மறுநாளுக்குத்தான் நீங்கள் சுவிட்சர்லாந்தின் லூட்சர்ன் என்று போட்டிருக்கிறீர்கள். தூரம் சுமார் 600 கிலோமீட்டர். பேருந்தின் சராசரி வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைச் சுற்றித்தான் வரும். ஓட்டும் நேரமே எட்டரை மணியைத் தாண்டுகிறது. இதில் ரைன் அருவியையும் நுழைத்தால் அருவி காகிதத்தோடு நின்றுவிடும், பழி எங்கள்மேல் வரும். இப்படிப்பட்ட நாளில் நான்கு நிறுத்தங்களில் ஆளுக்கு ஆள் காத்திருந்து இருபது இருபது நிமிடம் போனால் எண்பது நிமிடம் போச்சு. அந்த நேரம் ஏதோ ஒரு ஊரைப் பார்க்கும் நேரத்திலிருந்துதான் கழியும். கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். காரணம் தெரிந்தால் நம் மக்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

வந்து இறங்கும் நாளுக்கும் இதே கணக்குதான். 2025 அக்டோபர் 12 முதல் ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் நாடுகளின் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக வந்துவிட்டது. நாற்பது பேர் அதை முடித்து வெளியே வர நேரமாகும். வெளியே காத்திருக்கும் ஓட்டுநரின் வேலை நாள் அதற்குள் தொடங்கியிருக்கும். அன்றே முழு நகர உலா போடாதீர்கள்.

அடுத்தது நடை. பேருந்துச் சுற்றுலா என்றால் வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம் என்று முட்டி வலி உள்ள பெரியவர்கள் நம்பி வருகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024 ஜனவரி 1 முதல் 7.5 டன்னுக்கு மேற்பட்ட சுற்றுலாப் பேருந்துகள் நகர மையத்தைச் சுற்றியுள்ள எஸ்100 வளையச் சாலைக்குள் நுழைய முடியாது. வெளியே இறங்கி டிராமிலோ நடந்தோ போக வேண்டும். பீசாவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து சாய்ந்த கோபுரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல். வெனிஸில் பேருந்துகள் நிற்கும் ட்ரான்கெட்டோ தீவில் இறங்கிப் படகு பிடித்து, பிறகு படிக்கட்டுப் பாலங்களில் ஏறி இறங்க வேண்டும். வழிகாட்டியோடு போகும் குழு அங்கே 25 பேரைத் தாண்டக்கூடாது, ஒலிபெருக்கிக்கும் தடை. நாற்பது பேரை அனுப்பினால் இரண்டு வழிகாட்டிகளுக்கும், காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்கும் முன்பே பணம் ஒதுக்குங்கள். பயணிகளிடம் நாள்வாரியாக நடைத் தூரத்தைச் சொல்லி, தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்து பழகச் சொல்லுங்கள். பயணத்தில் போடப்போகும் செருப்பு, ஷூவையே அப்போதும் போட வேண்டும். புது ஷூவோடு வருபவர்களின் குதிகால் இரண்டாம் நாளே கொப்புளமாகிவிடும், கல் பாவிய தெருக்களில் அது ஆறவும் ஆறாது.

பேருந்தில் கழிப்பறை இருந்தாலும் பெரும்பாலும் திறக்கமாட்டார்கள். நெடுஞ்சாலை நிறுத்தங்களில் காசு போட்டுத்தான் உள்ளே போக முடியும்; ஜெர்மனியில் பல இடங்களில் ஒரு யூரோ. 50 சென்ட், 1 யூரோ நாணயங்களை ஆளுக்குக் குறைந்தது பத்து கையில் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் மயங்கிவிடுகிறார்கள். அவர்கள் யார் யார் என்பதை எங்களுக்குத் தனியாக எழுதிக் கொடுத்தால், நிறுத்தங்களை நெருக்கமாக வைப்போம்.

சாப்பாட்டுப் பெட்டியில் பால், இறைச்சி கலந்த பொருள் எதுவும் வேண்டாம். பால்கோவா, நெய், பன்னீர், கருவாட்டுத் தொக்கோடு சேர்த்துக் கட்டிய கோழி வறுவல் என்று வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர அனுமதி இல்லை. சுங்கத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எண்ணெயில் போட்ட ஊறுகாய், தேங்காய் எண்ணெய் முறுக்கு போதும். அறையில் மின்சாரக் குக்கர் வைத்துச் சோறு பொங்கவே கூடாது. ஆவியிலேயே புகை எச்சரிக்கை மணி அடித்து, ஓட்டலையே காலி செய்த பிறகு அபராதமும் கட்ட வேண்டிவரும்.

விசா விஷயம் உங்களுக்கே தெரியும், ஒன்று மட்டும். எந்த நாட்டில் இரவுகள் அதிகமோ அந்த நாட்டில் விண்ணப்பித்த பிறகு, ஓட்டல் மலிவாகக் கிடைக்கிறதென்று இரவுகளை வேறு நாட்டுக்கு மாற்றாதீர்கள். எல்லையில் பதில் சொல்ல வேண்டியவர் பயணி. விசாவுக்கான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது பழைய நோய்களுக்கு அது பொருந்துமா என்றும் படித்துப் பாருங்கள். மொபைல் சிம்மில் சுவிட்சர்லாந்து உண்டா என்று தனியாகக் கேளுங்கள். ஐரோப்பா என்று விற்கும் எல்லாத் திட்டத்திலும் அந்த நாடு இருக்காது.

கடைசியாக மருந்து. இன்சுலினை விமானத்தில் பெட்டியோடு போட்டால் உறைந்து வீணாகலாம், அதனால் கைப்பையில்தான் வர வேண்டும். பேருந்தின் அடியறையிலும் வைக்கக் கூடாது. பயண நாள்களோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை வேண்டும். மருத்துவர் கடிதத்தில் இந்திய வணிகப் பெயரை மட்டும் எழுதினால் அங்குள்ள மருந்துக் கடைக்காரருக்குப் புரியாது. மருந்தின் மூலப் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து இருக்க வேண்டும். நம் ஊரில் மருத்துவரிடம் நேரம் வாங்கி, கடிதம் எழுதி வாங்கவே இரண்டு வாரம் ஓடிவிடும். மூன்று வாரம் முன்பே கூட்டம் போடச் சொல்வது அதனால்தான்.

இப்படிக்கு,
ஐரோப்பியக் குழுப் பயணங்களை வழிநடத்தும் டூர் மேனேஜர்கள்