ஆசிரியர் சம்பளத்துக்கு உச்சவரம்பு போடாதீர்கள்

பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) இயக்குநர்களுக்கும் ஜாம்பியாவுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும்

மதிப்பிற்குரியோரே,

கடனில் சிக்கிய நாடு உங்களிடம் வந்தால், முதலில் உங்கள் கண்ணில் படுவது அரசின் சம்பளப் பட்டியல்தான். அதில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா ஏற்கெனவே அனுபவித்துவிட்டது.

1964இல் விடுதலை பெற்றபோது அந்த நாட்டில் பட்டதாரிகள் ஏறத்தாழ நூறு பேர்தான். மண்ணுக்கடியில் தாமிரம் கொட்டிக் கிடந்தது. சுரங்கத்தை நடத்தச் சொந்தப் பொறியாளர்கள் இல்லை. பல்கலைக்கழகம் வேண்டுமென்று மக்கள் பணம் தந்தார்கள். பணமில்லாதவர்கள் சோளமும் கோழியும் மாடும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1966இல் ஜாம்பியா பல்கலைக்கழகம் திறந்தது. கல்வியின் அருமையை அந்த மக்களுக்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

2002இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் ரத்தானது. பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். ஆனால் 2004இல் கடன் தள்ளுபடிக்காக நீங்கள் விதித்த நிபந்தனை, அரசின் சம்பளச் செலவை நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. பயிற்சி முடித்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். அதே நேரத்தில் வகுப்புகள் பிதுங்கின. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஒரே ஆசிரியர் மாறி மாறிப் பாடம் நடத்தினார். அரசுப் பள்ளி எட்டாத கிராமங்களில் ஊராரே கூரை போட்டுச் சமுதாயப் பள்ளி நடத்தினார்கள். அங்கே கற்பித்தவர்களில் பலருக்குச் சம்பளமே இல்லை. ஊரார் கொடுத்த சோளம்தான் கூலி. அந்த ஆண்டுகளில் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராமல் பள்ளியை விட்ட பிள்ளைகளின் இழப்பு உங்கள் கணக்கில் எந்தப் பத்தியில் இருக்கிறது?

2020 நவம்பரில் ஜாம்பியா கடன் தவணை கட்ட முடியாமல் நின்றது. அந்த நெருக்கடிக்கு நடுவிலேயே, 2022இல், மேல்நிலைக் கல்விக் கட்டணத்தையும் நீக்கி, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களையும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்களையும் அரசு நியமித்தது. அதே ஆண்டு நீங்கள் ஒப்புக்கொண்ட 130 கோடி டாலர் கடன் திட்டம் இதற்கு இடம் கொடுத்தது. மனமாரப் பாராட்டுகிறேன். ஆக, உங்களால் முடியாத காரியம் அல்ல இது.

ஆனால் கடன்பத்திரம் வைத்திருந்தவர்களோடு உடன்பாடு முடிய 2024 ஆகிவிட்டது. இழுத்தடித்த ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம்தான் நிச்சயமில்லாமல் நின்றது.

ஆகவே என் கோரிக்கை. அடுத்து எந்த ஆப்பிரிக்க நாட்டோடு ஒப்பந்தம் போட்டாலும், ஆசிரியர், செவிலியர் சம்பளத்தை உச்சவரம்புக்கு வெளியே வையுங்கள். சாலையையும் அணையையும் எப்படி முதலீடாக எழுதுகிறீர்களோ, அப்படியே இதையும் எழுதுங்கள். கிராமத்துப் பள்ளிக்கு ஆசிரியர் குடியிருப்பையும் சேர்த்தே எழுதுங்கள். தங்க வீடில்லாத ஊரில் ஆசிரியர் நிலைப்பதில்லை, அதிலும் பெண் ஆசிரியர்கள். பெண் ஆசிரியர் இல்லாத பள்ளியிலிருந்து வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை நிறுத்திவிடப் பெற்றோருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை பேச்சுவார்த்தை தொடங்கும் நாளிலிருந்தே தவணையை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
அக்கறையுள்ள ஒரு தமிழ் வாசகர்