தாத்தா பேரில் பட்டா, எங்கள் பேரில் பாடு மட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளைஞர்கள் விவசாயத்தை விட்டுப் போகிறார்கள், மண்ணில் கால் வைக்கவே அவர்களுக்குப் பிடிப்பதில்லை என்று பேப்பரிலும் டிவியிலும் அடிக்கடி வருகிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் பரம்பரையாகக் காய்கறி போடுகிற ஒரு குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள் நான். வந்த நாளிலிருந்து அதே தோட்டத்தில்தான் பாடுபடுகிறேன். பிடிக்காமல் போனவர்களை எங்கள் ஊரில் நான் அதிகம் பார்க்கவில்லை. உழுகிற நிலம் தங்கள் பேரில் இல்லை, இனிமேலும் வராது என்று தெரிந்து போனவர்கள்தான் அதிகம். இதைப் பற்றி யாரும் எழுத மாட்டேன் என்கிறார்களே என்றுதான் நானே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தின் பட்டா என் கணவரின் தாத்தா பேரில் இருக்கிறது. அவர் இறந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. கிணறு வெட்டியவர் அவர், முதன்முதலில் முருங்கை நட்டவரும் அவர்தான். அவருக்குப் பின்னால் என் மாமனார், அப்புறம் நாங்கள், இப்போது காலேஜ் முடித்த என் மகன், இப்படி நாலு தலைமுறை இந்த மண்ணில் வேலை செய்திருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் சர்வே நம்பரைத் தட்டினால் இன்றைக்கும் தாத்தா பேர்தான் வருகிறது. அதிலும் 1979லிருந்து 1987 வரை யூடிஆர் என்று நிலக் கணக்கைத் திருத்தி எழுதினார்களே, அப்போது அவருடைய அப்பா பேரைத் தப்பாக ஏற்றிவிட்டார்கள். ஆக, இல்லாத ஒருவர் பேரில், அதுவும் தப்பான தகப்பன் பேரோடு, நாங்கள் விவசாயம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பட்டா யார் பேரில் இருந்தால் என்ன, நிலம் உங்கள் கையில்தானே இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். நெல் போடுகிறவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டுதான், ஆனால் காய்கறிக்காரர்களுக்கு அடி கொஞ்சம் பலமாக விழும். காய்கறியில் வருஷம் முழுக்கக் கைக்காசு இறங்கிக்கொண்டே இருக்கும். தக்காளிக்கு நாற்று, குச்சி, கயிறு, மருந்து, பறிப்புக்கூலி. பறித்ததை அன்றைக்கே மார்க்கெட்டில் போட்டாக வேண்டும், விலை சரியில்லை என்று வீட்டில் அடுக்கி வைக்க முடியாது. எங்கள் மார்க்கெட்டில் இறங்குகிற காயில் பெரும்பகுதி கேரளாவுக்குப் போகிறது, அங்கே இரண்டு நாள் கடை சாத்தினால் இங்கே விலை படுத்துவிடும். முருங்கைக்காயைக் கேட்கவே வேண்டாம். சீசனில் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்பார்கள், மார்கழியில் நூறு ரூபாயைத் தாண்டும், அந்த நேரத்தில் மரத்தில் காய் இருக்காது. இப்படி ஏறி இறங்குகிற தொழிலில் குறைந்த வட்டிக் கடனும் மானியமும் இல்லாமல் ஒரு குடும்பம் எத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கும்? அந்த இரண்டுக்கும் முதலில் கேட்பது சிட்டா, அதாவது யார் பேரில் எவ்வளவு நிலம் என்று காட்டுகிற காகிதம்.

சொட்டுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். நல்ல திட்டம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் போர் 800 அடி, 1000 அடி என்று போகிறது, சொட்டுநீர் இல்லாமல் இனிக் காய்கறி போட முடியாது. சிட்டா, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் வேண்டும் என்றார்கள். சான்றுக்குப் போனால், பட்டாவில் மொத்தம் ஒன்பது ஏக்கர் இருக்கிறது, ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தால் சிறு விவசாயி ஆக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது ஏக்கரை மூன்று பங்காளிகள் பிரித்து உழுகிறோம், எங்களுக்கு வருவது மூன்று ஏக்கர்தான், நடுவில் வரப்பு போட்டு மூன்று தலைக்கட்டும் தனித்தனியாகப் பண்ணையம் பார்க்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். வரப்பு எங்கள் கணக்கில் இல்லையே அம்மா என்றார் அந்த அலுவலர். சொல்லிவிட்டு, வீட்டில் ஆம்பளை யாரும் வரவில்லையா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் ராத்திரி ஒரு மணிக்குக் காய் மூட்டையோடு மார்க்கெட் போய்ப் பகலில் வந்து படுக்கிறவர். அலுவலகத்துக்கு நான்தான் போக முடியும். கடைசியில் வேறொரு தோட்டத்தில் கழற்றிப்போட்ட பழைய ட்யூபை விலைக்கு வாங்கி, அடைத்துப்போன ஓட்டைகளை ஊசியால் குத்திக் குத்தி ஒன்றரை ஏக்கருக்கு ஓட்டினோம்.

கடனும் இதே கதைதான். 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தார்கள், 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்குக் கிடைத்தது. எங்களுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது, ஏனென்றால் கூட்டுறவு சங்கத்தில் எங்களுக்குக் கடனே கொடுத்ததில்லை. எங்கள் கடன் நகை அடகிலும், காயை விற்றுக்கொடுக்கிற கமிஷன் மண்டியில் வாங்குகிற முன்பணத்திலும் இருக்கிறது. மண்டியில் முன்பணம் வாங்கினால் காயை அங்கேதான் போட வேண்டும், பக்கத்துக் கடையில் இரண்டு ரூபாய் கூட வைத்தாலும் போக முடியாது. தள்ளுபடி தப்பு என்று நான் சொல்லவில்லை, வாங்கினவர்களும் எங்களைப் போலக் கஷ்டப்படுகிறவர்கள்தான். ஆனால் எல்லாரையும் விடக் கூடுதல் வட்டிக்கு வாங்கி விவசாயம் செய்கிறவன் எந்தக் கணக்கிலும் வராமல் போகிறானே, அதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் வருஷம் 6,000 ரூபாய், நிலம் தன் பேரில் இருப்பவர்களுக்குத்தான். 2025ல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் என்று ஊர் ஊராக முகாம் போட்டார்கள், அதுவும் பட்டாவோடும் ஆதாரோடும் இணைத்துத்தான். தாத்தாவுக்கு ஆதார் கிடையாது. இனி எல்லாத் திட்டமும் அந்த எண் வழியாகத்தான் என்கிறார்கள், அப்படியென்றால் இதுவரை ஒவ்வொரு திட்டமாக வெளியில் நின்ற நாங்கள் இனி மொத்தமாக வெளியில்.

சரி, பேர் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே, இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்கலாம். அதையும் சொல்கிறேன். தாத்தா இறந்ததை அன்றைக்கு யாரும் பதியவில்லை, தோட்டத்தில் செத்தார், ஊர்ச் சுடுகாட்டில் எரித்தார்கள். இப்போது பதிய வேண்டுமென்றால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அப்புறம் வாரிசுச் சான்று. தாத்தாவுக்கு மூன்று மகன், இரண்டு மகள். அதில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. பேரன் பேத்திகள் திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூர் என்று இருக்கிறார்கள், ஒருத்தர் மஸ்கட்டில். இத்தனை பேரும் பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும், வர முடியாதவர் தனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட பவர் எழுதி அனுப்ப வேண்டும். அது நடந்தால்தான் பாகப்பிரிவினைப் பத்திரம். குடும்பத்துக்குள் போடுகிற அந்தப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு பங்குக்கு 25,000 ரூபாயாக இருந்தது 2023 ஜூலையில் 40,000 ஆனது, பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000லிருந்து 10,000 ஆனது. ரோட்டோர நிலத்துக்கு அரசாங்கம் வைக்கிற வழிகாட்டி மதிப்பு ஏறிக்கிடக்கிற ஊர்களில் அந்த உச்சவரம்பு வரைக்கும் போய்விடும். பத்திரம் முடிந்தால் உட்பிரிவு, அதாவது சர்வே நம்பரைப் பங்கு பங்காகப் பிரிப்பது, அதற்கு சர்வேயர் வந்து அளந்து கல் போட வேண்டும், அவர் எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவையும் தாண்டினால் கிணறு வரும். எங்கள் கிணற்றில் மூன்று பங்கு, மோட்டார் ஒன்று, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம், இந்த வாரம் எங்கள் முறை என்றால் அடுத்த வாரம் பெரியவர் வீட்டு முறை. இலவச மின்சார இணைப்பு இறந்துபோன என் மாமனார் பேரில் இருக்கிறது. நிலத்தைப் பிரித்தால் இணைப்பு யாருக்கு, கிணறு யார் சர்வே நம்பரில் விழும் என்ற பேச்சு வந்ததும் நல்லபடியாக இருந்த பங்காளிகளுக்குள்ளும் முகம் கோணிவிடுகிறது. அதனால்தான் பெரியவர்கள் வாயால் பாகம் பிரித்து வரப்புப் போட்டு, பத்திரத்தைத் தொடாமல் விட்டார்கள். சோம்பேறித்தனத்தில் விட்டதில்லை, சண்டை வேண்டாம் என்று விட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாகம் என்றதும் பெண் பிள்ளைகளிடம் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது எங்கள் பக்கம் சாதாரணம். தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தது, 2005ல் நாடு முழுக்க வந்தது. என் நாத்தனார் தனக்கு வர வேண்டியதைக் கேட்டால் நான் கோபப்பட மாட்டேன், அது அவளுடைய உரிமை. ஆனால் கல்யாணமாகிப் போனவளுக்கும் பங்கு கிடைக்க வேண்டும், இங்கேயே இருந்து உழைத்தவளுக்கும் ஒரு பேர் வேண்டும், இரண்டும் நியாயம்தான். என் மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நாட்டுப் பீர்க்கு, சுரை விதையை இன்றைக்கும் சாணத்தில் பொதித்து வறட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டி வைப்பார், வைகாசியில் மழை விழுந்ததும் பெயர்த்தெடுத்து ஊன்றுவார். எந்த முருங்கை மரத்துக் காய் கறிக்கு ருசி, எது ஆடிக் காற்றில் பூ உதிர்க்காமல் நிற்கும் என்று அந்தத் தோட்டத்தில் அவருக்குத் தெரியாத மரம் கிடையாது. கொம்பு வெட்டி நட வேண்டுமென்றால் ஊரில் பாதிப்பேர் அவரைக் கேட்டுத்தான் வருவார்கள். அவர் விவசாயி என்று சொல்லுகிற ஒரு துண்டுக் காகிதம் இந்த அரசாங்கத்திடம் கிடையாது. தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்றுதான் எப்போதும் எழுதுகிறார்கள்.

2024 நவம்பரில் வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் போனை வைத்துக்கொண்டு டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கும் ஒரு பெண் வந்தது. முருங்கையைப் படம் எடுத்தது, ஊடுபயிராகப் போட்டிருந்த மிளகாயையும் எடுத்தது, வெயிலில் அலைந்து களைத்திருந்த பிள்ளைக்கு மோர் கொடுத்தேன். நிலக்காரர் பேரை வாசித்துவிட்டு, இவர் வீட்டில் இருக்கிறாரா அக்கா என்று கேட்டது. இல்லை, அவர் போய் ரொம்ப வருஷமாகிறது, நாங்கள்தான் பார்க்கிறோம் என்றேன். அந்தப் பிள்ளை மேல் தப்பே கிடையாது, அது சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் எந்த வயலில் என்ன பயிர் என்று செயற்கைக்கோள் வைத்துக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பயிரை வைத்தது யார் என்று எழுதிக்கொள்ள மட்டும் ஏன் தோன்றவில்லை?

2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு சின்ன நிலத்தை வைத்திருப்பவர்களிடம் பெரிய சொத்து கைமாறுவது போன்ற அலைச்சலையும் செலவையும் கேட்கிறோம். நான் அரசாங்கத்திடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து ஏக்கருக்குள் பங்கு வருகிற குடும்பங்களின் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் எடுத்துவிடுங்கள், அந்த நிலத்தைச் சில வருஷத்துக்கு விற்கக் கூடாது என்று வேண்டுமானால் நிபந்தனை போடுங்கள், நாங்கள் விற்கப் போவதில்லை. கிராம நிர்வாக அலுவலருக்கு ஊரில் யார் இறந்தார்கள் என்று தெரியும், வாரிசு விண்ணப்பிக்கட்டும் என்று காத்திருக்காமல் அவரே கணக்கில் ஏற்றட்டும். பல பேர் பேரில் சேர்ந்திருக்கிற, பிரிக்க முடியாத கூட்டுப் பட்டாவாக இருந்தால், ஊரார் முன்னால் விசாரித்து, இன்னார் இவ்வளவு நிலத்தில் சாகுபடி செய்கிறார் என்று அடங்கலில் எழுதி ஒரு சான்று கொடுங்கள். அதனால் நிலத்தின் மேல் எனக்கு உரிமை வந்துவிடாது, அது எனக்கும் தெரியும். சொட்டுநீருக்கும் பயிர்க்கடனுக்கும் காற்றில் மரம் சாய்ந்தால் வருகிற நிவாரணத்துக்கும் அது போதும் என்று சொன்னால் போதும். மனைவி பேரும் அந்தச் சான்றில் இருக்க வேண்டும்.

என் மகன் பி.எஸ்சி. படித்திருக்கிறான். கரும்பு முருங்கை என்கிற முருங்கை ரகத்தில் ஒட்டுக்கட்டி நர்சரி போடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான், நிழல்வலைக் கூடாரத்துக்கு மானியம் கேட்டு அவனும் சிட்டாவில் வந்து நின்றான். இப்போது திருப்பூரில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனில் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் போனால் அவனுக்கு மண்ணில் ஆர்வம் இல்லை என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

உங்கள் நிருபர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வருஷமும் வைகாசி வாக்கில் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும், கிராமக் கணக்குப் புத்தகங்களை எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். அன்றைக்கு அங்கே போய், இந்த வட்டத்தில் இறந்தவர்கள் பேரில் எத்தனை பட்டா இருக்கிறது, அந்த நிலங்களில் இப்போது யார் பயிர் வைக்கிறார்கள் என்று கேட்டு, வருகிற பதிலை அப்படியே பேப்பரில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.