கொட்டிலில் நிற்கும் காருக்கு ஒரு வழி

ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டுக் கொட்டிலில் அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் நிற்கிறது. போரின்போது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் காட்டி இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார். வீதியெல்லாம் புகை, ஆனாலும் எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரி சேர்த்தது. போரால் யாழ்ப்பாணமே வெளியேறிய 1995 இடப்பெயர்வோடு, காரை வீதியில் ஓட்ட ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பது நின்றது. பதிவுப் புத்தகமும் அப்போதே தொலைந்தது.

இப்போது மகன் என்ஜினைச் சீராக்கிவிட்டான். அனுமதிப்பத்திரத்திற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். சரி, எடுக்கலாம். (மண்ணெண்ணெய் குடித்த கார் புகைப் பரிசோதனைக்குப் போவதை அப்பா பார்த்திருக்க வேண்டும்!) சிக்கல் புத்தகத்தில்தான். ஒரு கருமபீடத்தில் கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். அடுத்ததில், முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி கேட்டார்கள். ஊரே வெறிச்சோடிய அந்த ஒக்டோபரில் யாரிடம் முறைப்பாடு செய்வது?

காரின் என்ஜின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. அதிகாரிகள் யாழ்ப்பாணத்தில் ஒரு நடமாடும் சேவை நடத்தி, அவற்றைப் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் புத்தகப் பிரதி தரலாம். இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளுக்கான நிலுவையையும் தண்டத்தையும் தள்ளுபடி செய்வது நியாயம். வீதியில் ஓடாத காருக்கு எதற்கு வீதி வரி? இப்படிக் கொட்டிலில் நிற்கும் கார்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் இரண்டு உண்டு.

வாசகர்,
நல்லூர்