அரத்தைக்குப் பதில் இஞ்சியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சமையல் பகுதியில் 'தாய்லாந்து தேங்காய்ப்பால் சூப், சைவம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் ஆசையாகப் படிக்க உட்கார்ந்தேன். கணவரின் வேலைக்காக 3 வருடம் பாங்காக்கில் இருந்தவள் நான். வாரம் ஒருமுறையாவது அந்த சூப்பை வைத்திருக்கிறேன். ஆனால் இஞ்சி ஒரு துண்டு, தேங்காய்ப்பால் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிடவும், விரும்பினால் ஃபிஷ் சாஸ் ஒரு ஸ்பூன் என்றெல்லாம் போட்டிருந்தது. படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

அந்த சூப்பின் பெயர் 'தொம் கா'. தொம் என்றால் கொதிக்க வைப்பது, கா என்றால் பேரரத்தை. கோழி போட்டால் தொம் கா கை, காளான் போட்டால் தொம் கா ஹெத். கோழிக்குப் பதில் காளான் வரலாம், அரத்தைக்குப் பதில் இஞ்சி வரக்கூடாது. இஞ்சி நாக்கில் எரியும். அரத்தை மூக்கில் ஏறும்.

இங்கே கிடைக்காது என்று நினைத்து இஞ்சி போட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கிழங்கு வெளிர் நிறம், மேலே வளையம் வளையமாக இருக்கும், முளை இளஞ்சிவப்பு. முற்றிய கிழங்கு கத்திக்கு லேசில் இணங்காது, மெல்லிசாகச் சீவ வேண்டும். செடி இல்லாதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்தது வாங்கி, தட்டி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைக்கலாம். கேட்கும்போது 'பேரரத்தை' என்று அழுத்திச் சொல்லுங்கள். சளிக்கு வாங்குகிற சிற்றரத்தையைப் போட்டால் கஷாய வாடைதான் வரும்.

எலுமிச்சை இலைக்கு அவர்கள் வேறொரு காட்டு எலுமிச்சையின் இலையைப் போடுவார்கள். நான் இளம் நாரத்தை இலை போடுகிறேன். வேப்பிலைக்கட்டிக்குச் செய்வது போலவே நடு நரம்பை உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும்.

பால் விஷயம் சொதி வைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய்க்காரர்களும் முதல் பாலைத் 'தலை', பின்னால் எடுப்பதை 'வால்' என்று பிரித்துத்தான் சொல்கிறார்கள். ஒரு தேங்காய்க்கு ஒரு கப் முதல் பால், இரண்டு கப் இரண்டாம் பால். இரண்டாம் பாலில் அரத்தை பத்து வில்லை, எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு இரண்டு தட்டிப் போட்டு, இலை நாலைந்து கிழித்துப் போட்டு, பத்து நிமிடம் மெதுவாகக் கொதிக்க வேண்டும். பிறகு சிப்பிக்காளான் 200 கிராம், கையால் கிழித்தது. காந்தாரி மிளகாய் நாலு, லேசாக நசுக்கியது. உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. கருப்பட்டி வேண்டாம், வெள்ளை சூப் கறுத்துவிடும். காளான் வெந்ததும் முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பால் திரியும், வாசனையும் போய்விடும். அரத்தை, புல், இலை எல்லாம் கிண்ணத்தோரம் ஒதுக்கிவைக்க, மென்று தின்ன அல்ல.

மீன் சாஸ் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். சைவம் என்று தலைப்புப் போட்டுவிட்டு, 'விரும்பினால்' என்று அதைச் சேர்க்கலாமா? ஊர் திரும்பிய பிறகு ஓர் உணவகத்தில் காளான் சூப் என்று நம்பி அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். பாதி கிண்ணம் குடித்த பிறகு பரிமாறுகிறவரிடம் கேட்டால், "சாஸ் மட்டும்தான் மீன்மா" என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். பாங்காக்கிலேயே அதில்லாமல் சமைக்கிறார்கள். சீனக் கணக்கில் ஒன்பதாம் மாதம் வரும் ஒன்பது நாள் விரதத்தில் கடைக்குக் கடை மஞ்சள் கொடி கட்டி, சிவப்பில் 'ஜே', அதாவது சுத்த சைவம், என்று எழுதியிருக்கும். அங்கே மீன் சாஸும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. வெளிர் சோயா சாஸ் ஒரு ஸ்பூனும் உப்பும் போதும்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். மற்றதற்கு இடமில்லை என்றால் மீன் சாஸ் வரியையாவது எடுத்துவிடுங்கள். உங்கள் செய்முறையை நம்பி விரத நாளில் சமைக்கிற வீடுகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்.