முதல் நோயாளிக்கு முன்பே தொடங்கும் கட்டுரை: மனநல மருத்துவத் துறைத் தீசிஸ் கைடுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். மனநல ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளைப் படித்து மதிப்பிடும் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. மாணவர்களுக்குக் கைடாக இருக்கும் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தீசிஸிலிருந்து ஆய்விதழுக்கு எழுதும் கட்டுரையைப் பற்றிய பேச்சை மூன்றாம் ஆண்டின் இறுதிக்குத் தள்ளாதீர்கள், தீசிஸ் தலைப்பு முடிவாகும் வாரத்திலேயே தொடங்குங்கள். ஆங்கிலத்தைப் பிறகு திருத்தலாம், அட்டவணையை மாற்றலாம், மேற்கோள் வரிசையைச் சீராக்கலாம். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் செய்யாமல் விட்டதை மட்டும் எந்த எடிட்டராலும் சரிசெய்து தர முடியாது.

பதிவில் தொடங்குவோம். ஆய்வில் மருந்தோ யோகாவோ ஆலோசனையோ ஏதேனும் ஒரு தலையீடு இருந்தால் அது சோதனைதான். சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவேடு, நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்ட சோதனைகளை ஏற்பதில்லை. “நம்முடையது சின்ன தீசிஸ்தானே, எட்டு வாரத் தளர்வுப் பயிற்சிதானே” என்று விட்டுவிட்டால், எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் நல்ல இதழ்களின் வாசலிலேயே அது நின்றுவிடும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் அப்படித்தான். அனுமதித் தேதிக்கு முன்பே தரவு சேகரிக்கத் தொடங்கியிருப்பதைக் கட்டுரையின் முறையியல் பகுதியே பல நேரம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மனநலத் துறைக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, ஆய்வுக்கான ஒப்புதலைத் தனியாகவே பேசுகிறது. ஒப்புதல் தர இயலாத நிலையில் உள்ள, ஆனால் எதிர்ப்புத் தெரிவிக்காத ஒருவரைத் தலையீட்டு ஆய்வில் சேர்க்க வேண்டுமானால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி தேவை. தீவிர சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு இழந்த) நிலையில் வார்டில் இருப்பவர்களைச் சேர்த்துவிட்டு, “அனைவரிடமும் ஒப்புதல் பெறப்பட்டது” என்று ஒரே வரியில் முடித்தால் ரிவ்யூவர் முதலில் அதைத்தான் கேட்பார். ஒப்புதல் தரும் திறனை யார், எப்படி மதிப்பிட்டார்கள் என்று இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ‘100’ என்பது தீசிஸ்களின் செல்ல எண். ஏன் 100 என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. மனச்சோர்வு 30 சதவீதம் இருக்கும் என எதிர்பார்த்து, 5 சதவீதப் புள்ளி துல்லியத்தில் அளக்க வேண்டுமானால் 323 பேர் தேவை. 10 புள்ளி போதுமென்றால் 81 பேர். 100 பேரில் 30 பேருக்கு மனச்சோர்வு என்று கண்டால், உண்மை அளவு ஏறக்குறைய 21 முதல் 39 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். 100 பேர்தான் கிடைப்பார்கள் என்றால் அதையும் அந்த இடைவெளியையும் வெளிப்படையாக எழுதலாம், தவறில்லை. முடிவு வந்தபின் எண்ணிக்கைக்கு ஏற்ற சூத்திரத்தைத் தேடிப் பொருத்துவதுதான் தவறு.

மிக அதிகமாகக் கட்டுரைகள் விழும் இடம் அளவுகோல். பிஎச்க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி வினாத்தாள்) போன்றவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெக் மனச்சோர்வு அளவுகோலின் இரண்டாம் பதிப்பும் நினைவையும் சிந்தனைத் திறனையும் சோதிக்கும் எம்எம்எஸ்இ-யும் உரிமம் உள்ளவை. ஜெராக்ஸ் எடுத்துப் பயன்படுத்திவிட்டு, இதழ் அனுமதிக் கடிதம் கேட்கும்போது விழிப்பதில் பயனில்லை.

அதைவிடப் பெரியது தமிழ். ஆங்கில வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர் அங்கேயே தமிழில் கேட்கிறார். காலையில் ஒரு விதம், ஓபி நெரிசலில் வேறு விதம். அப்போது அளக்கப்படுவது மாணவரின் மொழிபெயர்ப்பு. ‘மனச்சோர்வு’ என்று கேட்டால் பலர் காதில் ‘சோர்வு’ மட்டும் விழும். பிஎச்க்யூ-9இல் களைப்புக்கென்று நான்காவது கேள்வி தனியாக இருப்பதால், ஒரே அசதி இரண்டு இடத்தில் மதிப்பெண் வாங்கிவிடும். சிஇஎஸ்-டி எனும் இன்னொரு மனச்சோர்வு அளவுகோலில் ‘ப்ளூஸ்’ (வாட்டமான மனநிலையைக் குறிக்கும் ஆங்கில வழக்கு) என்ற சொல் வரும் கூற்றை அகராதி பார்த்துத் தமிழாக்க முடியாது. ஏற்கெனவே சரிபார்த்த தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது இலங்கைத் தமிழரிடம் சரிபார்க்கப்பட்டது என்றால், சொற்கள் உங்கள் ஊர் நோயாளிக்குப் புரிகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நீண்ட வழிதான்: தனித்தனியாக இருவர் தமிழாக்கம், இரண்டையும் ஒன்றாக்குதல், மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுதல், நிபுணர் குழு, பிறகு 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை. இது மூன்று மாத வேலை. முதலாம் ஆண்டிலேயே தொடங்கினால்தான் நடக்கும்.

ஹாமில்டன் மனச்சோர்வு அளவுகோல் என்று மட்டும் எழுதினால் போதாது. 17 கூறுகளா 21 கூறுகளா, எந்த வெட்டுப்புள்ளி (எத்தனை மதிப்பெண்ணிலிருந்து நோய் என்று கொள்வது) என்றும் எழுத வேண்டும். மதிப்பிட்டவர் இருவர் என்றால் அவர்களுக்கிடையே ஒப்புமை எவ்வளவு என்பதும் வேண்டும். நம்பகத்தன்மைக்கு அளவுகோலை உருவாக்கியவர்கள் தந்த ஆல்ஃபா மதிப்பை (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) எடுத்துப் போடுகிறார்கள்; உங்கள் நோயாளிகளிடம் கிடைத்த மதிப்பு எங்கே? பிஎச்க்யூ-9இல் தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு ‘ஆம்’ வகையில் பதில் சொன்னவருக்கு அன்றே என்ன செய்தார்கள் என்பதும் கட்டுரையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் நாங்கள் கட்டாயம் கேட்போம்.

புள்ளியியலில் இரண்டு மட்டும். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் பி மதிப்பை ‘0.000’ என்று காட்டினால் பி < 0.001 என்று எழுத வேண்டும். வயது, மதம், வருமானம், குடும்ப அமைப்பு என ஒன்றுக்கொன்று சாராத 20 ஒப்பீடுகள் செய்தால், உண்மையில் எதுவுமே இல்லாவிட்டாலும் ஒன்றாவது ‘முக்கியம்’ (பி 0.05-க்குக் கீழ்) என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு விவாதப் பகுதி முழுவதையும் எழுதிவிடுகிறார்கள்.

நூறு பக்க தீசிஸைச் சுருக்குவதால் கட்டுரை ஆகாது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு புதிதாக எழுத வேண்டும். பல இதழ்களில் மூலக்கட்டுரைக்குச் சுமார் 3,000 சொற்கள், சுருக்கத்துக்கு 250. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்த முப்பது பக்கம் நான்கு பத்தியாகும். வண்ண வண்ணப் பை சார்ட்டுகள் எல்லாம் போய்விடும். கவனித்தறியும் ஆய்வுக்கு ஸ்ட்ரோப், சோதனைக்குக் கன்சார்ட், முறைசார் மறுஆய்வுக்குப் பிரிஸ்மா என்ற சரிபார்ப்புப் பட்டியல்களை எழுதும் முன்பே மேசையில் வைத்துக்கொள்ளட்டும். முடித்தபின் பக்க எண் நிரப்புவதற்காக மட்டும் அவற்றைத் திறப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. ‘ஸ்கிசோஃப்ரெனிக்’ என்று ஆளை நோயால் அழைப்பதும், தற்கொலையைக் குற்றம் போலச் சொல்லும் ‘கமிட்’ என்ற பழைய ஆங்கில வினைச்சொல்லும் இன்று திருப்பி அனுப்பப்படுகின்றன.

அனுப்பும் நாளில் சறுக்குவது பெரும்பாலும் அடையாள மறைப்பில், அதாவது எழுதியவர் யார் என்று ரிவ்யூவருக்குத் தெரியாமல் மறைப்பதில். பெயர்கள் முதற்பக்கக் கோப்பில் மட்டும் இருக்க வேண்டும். ஆனால் முறையியலில் கல்லூரிப் பெயர், அனுமதி எண்ணில் கல்லூரியின் சுருக்கம், வேர்ட் கோப்பின் பண்புகளில் மாணவரின் பெயர் என்று எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். தீசிஸ் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏறியிருந்தால் ஒப்புமைச் சோதனையில் (வேறெங்கிருந்தாவது நகலெடுத்ததா என்று மென்பொருள் பார்ப்பது) சிவப்பாக எரியும். அது தீசிஸிலிருந்து வந்தது என்று எடிட்டருக்கான கடிதத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு தரவை மூன்றாக நறுக்கி மூன்று இதழ்களுக்கு அனுப்ப வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் அறிவிக்க வேண்டும், அது தந்த மேற்கோள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். நோயாளி விவரத்தை அதில் இடவே கூடாது.

சங்கடமான விஷயம் ஒன்றும் இருக்கிறது: பெயர்கள். ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) விதியில் கட்டுரையில் பெயர் போட நான்கு நிபந்தனைகள்: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியது அல்லது ஆழமாகத் திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்தே வேண்டும். துறைத்தலைவர் என்ற பதவி அவற்றில் ஒன்றல்ல. இதை மாணவரால் உங்களிடம் சொல்ல முடியாது, அதனால்தான் நாங்கள் எழுதுகிறோம். தலைப்பு முடிவாகும் அன்றே பெயர் வரிசையை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். மாணவர் கல்லூரியை விட்டுப் போனபின் ரிவ்யூவரின் கேள்விகளுக்கு யார் பதில் எழுதுவது, மூலத்தரவு யாரிடம் இருக்கும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களின் கட்டுரைகளைப் படிக்கும் சில ரிவ்யூவர்கள்